முன்வரிசைக்காரனுக்கு மூண்டு வரித் தையல்

நான் லண்டனிலை கனகாலம் ஆம்பிளையளுக்குச் சாறிச் சட்டை தைச்சுச் சம்பளம் வாங்கினனான்.

இதை வால்தம்ஸ்டோ முதியோர் சங்க மதியச் சாப்பாட்டிலை நான் சொன்ன உடனை, பக்கத்திலை இருந்த பொன்னம்மாக்கா கையிலை இருந்த வடையைக் கீழை வைச்சிட்டா. பொன்னம்மாக்கா வடையைக் கீழை வைக்கிறது லேசிலை நடக்கிற விசயமில்லை.

அண்டைக்கு எல்லாரும் தாங்கள் பாத்த வேலையளைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தவை. ஒருத்தர் பெற்றோல் செட், ஒருத்தர் தபால் கந்தோர், பொன்னம்மாக்கா சூப்பர் மார்க்கெட்டிலை காசாளர். நான் சோத்தைப் பிசைஞ்சுகொண்டிருந்து கடைசியிலைதான் வாயைத் திறந்தனான்.

"எடியே பாக்கியம், என்ன கதை கதைக்கிறாய்?"

"ஓமக்கா. எங்கட கடையளிலை விக்கிற பெரிய அரிசிப் பாக் ஆறேழைச் சேர்த்துக் கட்டினால் வாற பாரம், ஒவ்வொருத்தனும். எல்லாருக்கும் நான்தான் அளவெடுத்தனான்."

"உன்ரை மனுசனுக்கு உது தெரியுமோ?"

"அவருக்குத் தெரியும். அவரிலை அளக்க ஒண்டுமில்லை எண்டபடியால் அவர் ஒண்டும் சொல்லேல்லை."

செயலாளர்த் தம்பி அந்த இடத்திலையே பிடிச்சிட்டார். "அன்ரி, உதை எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ" எண்டு. நான் அஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கை காட்டிப்போட்டு வந்த ஆள். நான் சொல்லச் சொல்ல மருமகள் ரைப் பண்ணுறாள். எங்கையாவது நல்ல தமிழ் வந்தால் அது அவள் செய்த வேலை, என்னைக் குறை சொல்லாதேங்கோ.

முதல்லை விளையாட்டைச் சொல்லோணும். அமெரிக்கன் ஃபுட்போல். பேர்தான் ஃபுட்போல், பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டுதான் ஓடுவினம். பந்தும் உருண்டை இல்லை, பப்பாளிப்பழம் மாதிரி. லண்டனிலை அப்ப சம்பளத்துக்கு விளையாடுற குழு ஒண்டு இருந்தது, நான் அங்கைதான் வேலை செய்தனான். பேர் சொல்லமாட்டன். சொன்னால் பழைய ஆக்கள் எல்லாரும் போன் எடுத்துச் சுகம் விசாரிப்பினம், எனக்கு நாடகம் பாக்க நேரமிராது.

ஒரு பக்கம் பந்து வைச்சிருக்கும். அதிலை ஒருத்தன் பந்தை எறியிறதுக்கு ஆயத்தமா பின்னுக்கு நிப்பான். அவன் எறிய முதல் ஓடிப்போய் அவனை நிலத்திலை விழுத்தோணும். அந்த வேலைக்கெண்டு மற்றப் பக்கத்திலை முன்வரிசையிலை நாலு மலையள் நிக்கும். அவைதான் என்ரை ஆக்கள். அவையை மறிக்கிறதுக்கு முன்னாலை வேறை அஞ்சு மலை நிக்கும். மறிக்கிறவன் சட்டையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, அது பிழை. ஆனா குவியலுக்கை நடுவருக்கு எல்லாம் தெரியுமோ? அவங்கள் இழுப்பாங்கள். அதுக்குத்தான் நான். சட்டையிலை பிடிக்க ஒரு நுள்ளுத் துணி இருக்கக் கூடாது. உடம்போடை, இல்லையில்லை, தோள் கவசத்தோடை ஒட்டினபடி இருக்கோணும்.

நான் அங்கை போனது உடுப்புத் தோய்க்க. தையல் ஊரிலையே பழகினது, லண்டன் வந்த பிறகு வீட்டிலை சாறிச் சட்டை தைச்சனான். ஒருநாள் கழுவப் போட்ட சட்டை ஒண்டு பக்கத்தாலை கிழிஞ்சிருந்தது. மெஷின் ஒண்டு மூலையிலை சும்மா கிடந்தது, நான் இருந்து தைச்சுப்போட்டன். அவ்வளவுதான் என்ரை ட்ரெய்னிங்.

அதைப் பாத்தவர் கென். உடுப்பறைக்குப் பொறுப்பான மனுசன், என்ரை மேலதிகாரி. மெலிஞ்ச, நெடுவல் கிழக்கு லண்டன்காரர். காலமை வந்தால் குட் மோர்னிங் சொல்லமாட்டார். என்ரை பேர் சிவபாக்கியம் எண்டு சொன்ன நாளிலை என்னை நல்லா ஒருக்காப் பாத்துப்போட்டு, "மிஸஸ் எஸ்" எண்டவர். அதுக்குப் பிறகு கடைசி வரைக்கும் அதுதான். கோவம் வந்தாலும் ஒரு "ம்", சந்தோசம் வந்தாலும் ஒரு "ம்". எது எந்த "ம்" எண்டு கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருசம் எடுத்தது. என்ரை மாமியாரையும் இப்பிடித்தான் படிச்சனான், அதாலை கஷ்டம் தெரியேல்லை.

கென்னுக்கு ஒரு சோதனை இருந்தது. நான் தைச்சு முடிச்ச சட்டையை விளையாட்டுக்காரனுக்குக் கவசத்துக்கு மேலை போட்டு நிப்பாட்டுவம். கென் வருவார். பெருவிரலாலையும் சுட்டுவிரலாலையும் தோளிலை நுள்ளுவார், நெஞ்சிலை, விலாவிலை, முதுகிலை. கறிக்கு மீன் பாக்கிற மாதிரி. துணி விரலிலை பிடிபட்டால், "பிடிபடுது" எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவார். நான் திருப்பித் தைக்கோணும். பிடிபடாட்டி "ம்". பிடிபடுற சட்டை கதவுக்கு வெளியிலை போகாது. அது அவரின்ரை சட்டம். தலைமைப் பயிற்சியாளர் வந்து கத்தினாலும் போகாது.

சட்டை போடுறதே ஒரு கலியாண வேலை. முதல் கவசத்திலை, கார்ப்பெட் ஒட்டுற ரெண்டு பக்கமும் பசையுள்ள டேப்பை ஒட்டுவம். பிறகு அவன் சின்னப் பிள்ளை மாதிரி ரெண்டு கையையும் மேலை தூக்குவான். நான் கதிரையிலை ஏறி ஒரு பக்கம், கென் மற்றப் பக்கம், இழுத்து இறக்குவம். விளையாட்டு முடிய வாழைப்பழத் தோல் மாதிரி உரிக்கோணும். வியர்வை மணம் எப்பிடியெண்டு கேக்காதேங்கோ, சாப்பாட்டு நேரத்திலை வாசிக்கிற ஆக்களும் இருப்பினம்.

அளவெடுக்கிறதிலை ஒரு வில்லங்கம். டேப்பைக் கண்டால் ஆம்பிளையள் வயித்தை எக்கி உள்ளுக்கு இழுப்பாங்கள். எங்கட பொம்பிளையளும் அப்பிடித்தானே. எக்கின அளவுக்குத் தைச்சால் பிறகு வெடிக்கும். அதாலை நான் சிரிக்கப் பண்ணித்தான் அளவெடுக்கிறது. சிரிக்கேக்கை வயிறு தன்ரை உண்மையான இடத்துக்கு வந்திடும், டக்கெண்டு டேப்பை இறுக்கிடுவன். என்ரை இங்கிலிஷே பாதிப் பகிடி, மிச்சப் பாதியை நான் போடுவன்.

மற்றது, நான் தைக்கிற முறை. சாறிச் சட்டைக்கு நாங்கள் எப்பிடித் தைக்கிறனாங்கள்? பக்கத்திலை உள்ளுக்குத் துணி விட்டு, மூண்டு வரித் தையல் போடுறனாங்கள். இண்டைக்கு உள் வரி. கலியாணச் சீசன் முடிஞ்சு, பலகாரம் எல்லாம் உடம்பிலை ஏறின பிறகு ஒரு வரியைப் பிரிச்சு விடுறது. பிள்ளை பிறந்தால் அடுத்த வரி. அந்த மாதிரியே நான் இவங்களுக்கும் தைச்சன். கென் முதல் சட்டையை உள்வெளியாத் திருப்பிப் பாத்தவர்.

"மிஸஸ் எஸ், ஏன் மூண்டு? ஒண்டு காணுமே."

"இப்ப காணும் கென். நத்தாருக்குப் பிறகு காணாது."

"ம்."

அது நல்ல "ம்". கிறிஸ்மஸ் சாப்பாடு எல்லாம் முடிஞ்சு வந்த முதல் கிழமையிலை முன்வரிசை முழுக்க வரி பிரிச்சனான்.

இனி ஜெரோம்.

அவன் வடக்கு லண்டன் எட்மண்டன் பெடியன். தாய் தகப்பன் கானாவிலை இருந்து வந்தவை. தாய் ஆஸ்பத்திரியிலை துப்புரவு வேலை, தகப்பன் முந்தியே செத்துப்போனார். குழுவிலை பாதிப்பேர் அமெரிக்கர், இவன் எங்கட ஊர்ப் பெடியன். முன்வரிசையிலை நடுவிலை நிப்பான். எங்கட பிள்ளையள் மாதிரியே கானாக்காரரும் வயசானவையைக் கண்டால் "அன்ரி" எண்டு கூப்பிடுற ஆக்கள், அதாலை முதல் நாளே ஒட்டிக்கொண்டான். அவன் இங்கிலிஷிலை சொன்னதை நான் தமிழிலை சொல்லுறன். நான் திருப்பிச் சொன்ன இங்கிலிஷை இதிலை போட்டால் மருமகள் ரைப் பண்ண மாட்டாளாம்.

"அன்ரி, மெதுவா. எனக்குக் கூசுது."

"எருமை மாதிரி ஒருத்தன் வந்து மோதேக்கை கூசேல்லை, நான் தொட்டால் கூசுதோ?"

"எருமைக்கு உங்கட அளவு குளிர்ந்த கை இல்லை."

எனக்கு ஊசியிலை நூல் கோக்கக் கண் பத்தாது. அவன் உடுப்பறைக்கு வந்தால் ஊசியையும் நூலையும் அவனிட்டைத்தான் நீட்டுவன். கதலி வாழைக்குலை மாதிரிக் கை. ஆனா ஒரே தரத்திலை கோத்திடுவான். கோத்துப்போட்டு, "பாத்தீங்களோ" எண்டு கென்னுக்குக் காட்டுவான். கென் பேப்பரை விட்டுத் தலை நிமிரார்.

அவன்ரை கனவு அமெரிக்கா. அங்கைத்தைப் பெரிய குழுவள் வருசத்துக்கு ஒருக்கா ஆக்களை அனுப்பிப் பாப்பினம். பிடிச்சால் கூட்டிக்கொண்டு போவினம். அந்த வருசம் சீசன் கடைசி ஆட்டத்துக்கு ஒரு குழுவிலை இருந்து ரெண்டுபேர் ஜெரோமைப் பாக்கவெண்டே வாறதாகக் கதை வந்தது. நடு முன்வரிசைக்காரனிலை அவை முதல் பாக்கிறது பாரம். பாரமில்லாதவனை மறிக்கிறவன் தள்ளி விட்டிடுவான். அதாலை ஜெரோம் எந்த நேரமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான். காலமை முட்டையை எண்ணிச் சாப்பிடுறேல்லை, தட்டோடை.

சீசன் நடுவிலை ஒருநாள் வந்தான்.

"அன்ரி, சட்டை கொஞ்சம் தொளதொளக்குது. உள்ளுக்கு எடுத்து விடுங்கோ."

சீசன் நடுவிலை கொஞ்சம் இளைக்கிறது வழமைதான். வெளி வரியிலை இருந்ததை நடு வரிக்கு எடுத்து விட்டன். கொஞ்ச நாளாலை திரும்பி வந்தான். உள் வரிக்கு எடுத்தன். திரும்பவும் வந்தான். இனி வரி இல்லை. நாலாவதா ஒண்டு புதுசாப் போட்டன்.

"எடேய், உன்ரை சாப்பாட்டை ஆர் சாப்பிடுறது?"

அவன் சிரிக்கேல்லை. அதுதான் எனக்கு முதல் இடிச்சது. என்ரை பகிடிக்குச் சிரிக்காத ஆள் கென் ஒருத்தர்தான்.

தண்ணியும் குடிப்பான். அளவெடுத்துக்கொண்டு நிக்கேக்கையே ஒரு போத்தில். ரெண்டு தரம் கழிப்பறைக்கு ஓடுவான். எனக்கென்ன தோணினது தெரியுமோ? கிழமைக்கு ஒருக்கா நிறுக்கிறவை. பாரம் காட்டுறதுக்காகத் தண்ணியைக் குடிச்சுக் கள்ளம் விடுறான் எண்டு நினைச்சன். கெட்டிக்காரன் எண்டும் நினைச்சன்.

கடைசி ஆட்டத்துக்கு ரெண்டு நாள் இருக்க, மத்தியானம், வந்து கதவைச் சாத்தினான். கென் தேத்தண்ணி வைக்கப் போயிருந்தார்.

"அன்ரி, எனக்கு ஒரு உதவி வேணும். கென்னுக்குச் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"சட்டைக்கு உள்ளை கொஞ்சம் பஞ்சு வைச்சுத் தையுங்கோ. இஞ்சை, விலாப் பக்கம். வயித்திலையும். தூரத்திலை இருந்து பாக்கேக்கை பெரிசாத் தெரியோணும்."

"பொம்பிளையளுக்கே நான் பஞ்சு வைச்சுத் தைக்கிறேல்லை. உனக்கு வைக்கவோ?"

பகிடிதான் விட்டனான். பெடியன் கதிரையிலை இருந்து ரெண்டு கையாலையும் முகத்தைப் பொத்தினான். "அவை வருகினம் அன்ரி. என்னைத்தான் பாக்க வருகினம். அடுத்த வருசம் வருவினமோ ஆருக்குத் தெரியும்? அம்மா ராவும் பகலும் நிலம் துடைக்கிறா. ஒரு ஆட்டம். ஒரேயொரு ஆட்டம் நான் பெரிசாத் தெரிஞ்சால் காணும்."

கை சும்மா இருக்க ஏலாமல், வழமை மாதிரி ஊசியையும் நூலையும் அவனிட்டை நீட்டினன். "சரி, முதல் இதைக் கோத்துத் தா."

பிடிச்சான். நூல் ஊசிக் கண்ணுக்குப் பக்கத்தாலை போச்சு. திரும்ப. திரும்பவும் பக்கத்தாலை. கண்ணைச் சுருக்கிப் பாத்தான். எச்சில் தொட்டான். ஏலேல்லை.

"புகையா இருக்கு அன்ரி. கொஞ்ச நாளா அப்பிடித்தான். நித்திரை காணாது."

அப்பதான் எனக்கு எல்லாம் ஒண்டாச் சேர்ந்து வந்தது. தண்ணி, கழிப்பறை, மெலிவு, கண். எனக்குச் சீனி வருத்தம் வரேக்கையும் இதேதான். என்ரை சட்டையும் தொளதொளத்தது. நான் மெலிஞ்சிட்டன் எண்டு சந்தோசப்பட்டு, கோயிலிலை எல்லாருக்கும் இடுப்பைக் காட்டிக்கொண்டு திரிஞ்சனான். பொன்னம்மாக்காவுக்கு அந்த நேரம் என்னிலை எவ்வளவு எரிச்சல் எண்டு அவவைக் கேளுங்கோ.

என்ரை கைப்பையிலை எந்த நேரமும் சீனி பாக்கிற மீற்றர் இருக்கும். எடுத்து மேசையிலை வைச்சன்.

"விரலைத் தா."

"என்னத்துக்கு?"

"பஞ்சு வேணுமெண்டால் விரலைத் தா."

ஊசியைக் கண்டு பெடியன் கதிரையோடை பின்னுக்குப் போனான். நாலைஞ்சு மலை வந்து மோதுறதுக்குப் பயமில்லை, என்ரை சின்னக் குத்தூசிக்குப் பயம். "கண்ணை மூடு. உன்ரை அம்மாவை நினை" எண்டு சொல்லிக் குத்தினன். மீற்றர் நம்பர் ஒண்டும் காட்டேல்லை. அளவுக்கு மேலை எண்டு எழுத்து மட்டும் வந்தது. டோனட் ஏதும் திண்ட கையோ எண்டு, சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வரச்சொல்லி மற்றக் கையிலை குத்தினன். திரும்பவும் அதே எழுத்து. என்ரை மீற்றர் எனக்கு ஒருக்காலும் அப்பிடிக் காட்டினதில்லை. தீபாவளிக்குக் கூட.

"ஜெரோம், நீ இப்பவே டாக்குத்தரிட்டைப் போகோணும்."

"ஆட்டம் முடியப் போறன்."

"இப்ப."

"அன்ரி, குழு டாக்குத்தருக்குத் தெரிஞ்சால் என்னை விளையாட விடாயினம். ரெண்டு தரம் இரத்தம் எடுக்கக் கூப்பிட்டவர், நான் ஒளிச்சிட்டன். ரெண்டு நாள். ரெண்டே நாள் பொறுங்கோ." மேசையிலை கிடந்த தன்ரை சட்டையை எடுக்கக் கை நீட்டினான்.

நான் அவனிலும் கெதி. சட்டையை இழுத்துக் கதிரையிலை போட்டு, அதுக்கு மேலை ஏறி இருந்திட்டன். அவன் ஒரு கையாலை என்னைக் கதிரையோடை தூக்கி அலுமாரிக்கு மேலை வைச்சிருக்கலாம். வைக்கேல்லை. "அன்ரி, எழும்புங்கோ. பிளீஸ்" எண்டு நிண்டு கெஞ்சினான். நான் நாரியைப் பிடிச்சுக்கொண்டு, எழும்ப ஏலாது, மூட்டு வருத்தம் எண்டன்.

கென் தேத்தண்ணியோடை உள்ளை வந்தார். என்னைப் பாத்தார், அவனைப் பாத்தார், மேசையிலை கிடந்த மீற்றரைப் பாத்தார். தேத்தண்ணியை வைச்சுப்போட்டு, "மிஸஸ் எஸ், சட்டை" எண்டார். நான் எழும்பிக் குடுத்தன். மூட்டு வருத்தம் அந்தளவிலை சுகம்.

"போடு" எண்டார் ஜெரோமிட்டை. கவசத்தைப் போட்டு, சட்டையைப் போட்டம். கென் வந்து நுள்ளினார். தோளிலை பிடிபட்டது. நெஞ்சிலை பிடிபட்டது. விலாவிலை விரலாலை இல்லை, கை நிறையப் பிடிபட்டது. நாலாவது வரி போட்டும் சட்டை தொளதொளத்தது.

கென் கையை விடேல்லை. துணியைப் பிடிச்சபடியே நிண்டார்.

"பிடிபடுது" எண்டார்.

"கென், பிளீஸ். அவை வருகினம்."

"பிடிபடுற சட்டை வெளியிலை போகாது. உனக்குத் தெரியும்."

"அப்ப இறுக்கித் தையுங்கோ!"

"மிஸஸ் எஸ் இனி இறுக்கமாட்டா." என்னைத் திரும்பிப் பாத்தார். "இறுக்குவீங்களோ?"

"இல்லை" எண்டன்.

கென் கொழுவியிலை இருந்த கார்த் திறப்பை எடுத்தார். "அவை திரும்பவும் விமானம் ஏறுவினம். ஏறாட்டி வேறை ஆரும் ஏறுவினம். வா." அவர் ஒரே மூச்சிலை அவ்வளவு கதைச்சதை நான் அதுக்கு முந்திக் கண்டதில்லை.

குழு டாக்குத்தருக்குக் காரிலை இருந்தே போன் எடுத்தார். டாக்குத்தர் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். நான் பின் சீற்றிலை, மடியிலை சட்டை. ஏன் கொண்டு போனன் எண்டு கேட்டால் எனக்கே தெரியாது. ஜெரோம் யன்னலைப் பாத்தபடி இருந்தான். உள்ளை போன உடனை வரிசையிலை நிப்பாட்டாமல் கட்டிலிலை போட்டுச் சேலைனும் இன்சுலினும் ஏத்தத் தொடங்கிட்டினம். இன்சுலின் இல்லாமல் உடம்பு தன்னைத் தானே திண்டுகொண்டிருக்காம். ரெண்டு நாள் பொறுத்து, அந்த உடம்போடை விளையாடி இருந்தால், மைதானத்திலை இருந்து நடந்து வந்திருக்கமாட்டான் எண்டு டாக்குத்தர் பெடிச்சி சொன்னாள். தாய் வேலை உடுப்போடை ஓடி வந்தா. என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. கென் ஒரு பேப்பர்க் கப்பிலை எனக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து தந்தார். சீனி போடாமல்.

உயிர் தப்பினான். அது முதல் நிம்மதி. மற்றது லேசிலை வரேல்லை.

கடைசி ஆட்டம் அவன் இல்லாமல் நடந்தது. ரெண்டு அமெரிக்கர் வந்து, தொப்பியோடை இருந்து பாத்துப்போட்டுப் போச்சினம். ஜெரோம் உடுப்பறைப் பக்கம் வரேல்லை. சீசன் முடிஞ்சுது, அப்பவும் வரேல்லை. ஒரு போன் இல்லை. நான் வீட்டிலை மெஷினிலை இருந்தால் அவன்ரை முகம்தான். அவன் ஆயுளிலை ஒருக்கா வந்த சந்தர்ப்பத்துக்கு மேலை ஏறிக் குந்தி இருந்தவள் நான்தானே. கென்னிட்டைக் கேட்டன், "நாங்கள் செய்தது சரியோ?"

"ம்."

அது எந்த "ம்" எண்டு எனக்கே விளங்கேல்லை. அவருக்கும் தெரியாது எண்டு நினைக்கிறன்.

அடுத்த சீசன் பயிற்சி தொடங்கின நாள். நான் குனிஞ்சு பெட்டியிலை நூல் தேடிக்கொண்டிருக்க, அறை இருண்டது. திரும்பினால், கதவு நிறைய ஜெரோம் நிக்கிறான். கையிலை பழைய சட்டை. முகத்திலை சிரிப்பில்லை.

"அன்ரி."

"என்னடா?"

"சட்டையிலை பிழை இருக்கு."

"என்ன பிழை?"

"உள்ளை போக ஏலாமல் கிடக்கு."

பிறகு அந்தப் பெரிய சிரிப்பு. நான் அவன்ரை வயித்திலை ரெண்டு குத்துக் குத்தினன். கல்லு மாதிரி இருந்தது, எனக்குத்தான் கை நொந்தது. கோவத்திலை வராமல் இருக்கேல்லையாம். மெலிஞ்ச உடம்போடை எனக்கு முன்னாலை வந்து நிக்க வெக்கமாம். தானே ஊசி போடப் பழகி, எந்த நேரம் என்ன சாப்பிடுறது, ஓட முந்தி என்ன, ஓடின பிறகு என்ன எண்டு தாயும் அவனும் இருந்து படிச்சுக்கொண்டு இருந்தவையாம். என்ரை குத்தூசிக்குக் கதிரையோடை பின்னுக்குப் போன பெடியன்!

சட்டையை உள்வெளியாத் திருப்பினன். பிளேட்டாலை நாலாவது வரியைப் பிரிச்சன். போட்டுப் பாத்தம், இறங்கேல்லை. உள் வரி, இறங்கேல்லை. நடு வரி. அப்பதான் இறங்கினது. வெட்டின நூலெல்லாம் நிலத்திலை கிடந்துது. நான் கூட்டேல்லை, கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டன்.

"வெளி வரியை இன்னொருக்கா இறுக்கித் தைக்கோணும்" எண்டு ஊசியைத் தேடினன். அவன் என்ரை கையிலை இருந்து ஊசியையும் நூலையும் பறிச்சான். தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சான். ஒரே தரம். கண்ணுக்குள்ளாலை போச்சு.

"பாத்தீங்களோ!" எண்டு கென்னுக்குக் காட்டினான். கென் அண்டைக்குப் பேப்பரை மடிச்சு வைச்சுப்போட்டுப் பாத்தவர்.

அந்தச் சீசன் முடியிறதுக்கு முந்தி வேறை ஒரு அமெரிக்கக் குழு விமானம் ஏறி வந்துது. கூட்டிக்கொண்டு போச்சு. பிறகு கன வருசம் அங்கை விளையாடினான். நானும் வேலையை விட்டன், கென் எனக்கு முந்தியே விட்டிட்டார்.

அமெரிக்கக் குழுவள் இப்ப லண்டனுக்கு வந்து விளையாடுறது உங்களுக்குத் தெரியும்தானே. ரயிலிலை இடம் கிடைக்காத நாள் எண்டால் அதுதான். நான் ஓய்வெடுத்துக் கொஞ்சக் காலத்தாலை ஜெரோமின்ரை குழுவும் வந்துது. ஆட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் என்னையும் கென்னையும் தங்கட ஹோட்டலுக்குக் கூப்பிட்டான். கென் பொல்லோடை வந்தார். "மிஸஸ் எஸ்" எண்டார். குட் ஈவினிங் இல்லை.

ஜெரோமுக்கு இப்ப கையிலை ஒட்டுற சென்சர். போனிலை சீனி காட்டும். எனக்கும் இப்ப அதுதான். சோபாவிலை இருந்து ரெண்டு பேரும் போனை எடுத்து ஒப்பிட்டுப் பாத்தம். என்னது அவனிலும் நல்லா இருந்தது. ஹோட்டல்காரன் கொண்டு வந்த கேக்கை அதுக்குப் பிறகுதான் நான் தொட்டனான், அது வேறை கதை.

பையிலை இருந்து தோள் கவசத்தையும் நாளைக்குப் போடப்போற சட்டையையும் எடுத்தான். உடுப்பு மனேஜரிட்டைக் கேட்டுத்தான் கொண்டு வந்தவனாம். ரெண்டையும் போட்டுக்கொண்டு நிண்டான். கென் பொல்லைச் சுவரோடை சாத்திப்போட்டு எழும்பினார். தோளிலை நுள்ளினார். நெஞ்சிலை. விலாவிலை. விரல் வழுக்கி வழுக்கி வந்துது.

"ம்."

"அமெரிக்கத் தையல்காரர் கெட்டிக்காரர்தான்" எண்டு நானும் ஒப்புக்குச் சொன்னன். எனக்குள்ளை கொஞ்சம் எரிஞ்சதுதான், ஏன் பொய் சொல்லோணும்.

"உள்ளுக்குப் பாருங்கோ அன்ரி" எண்டான் ஜெரோம். கழட்டி, உள்வெளியாத் திருப்பி, என்ரை மடியிலை போட்டான்.

பக்கத்திலை உள்ளுக்குத் துணி விட்டு, மூண்டு வரித் தையல்.

"ஒவ்வொரு வருசமும் சண்டை பிடிச்சுத்தான் தைப்பிக்கிறனான். ஏன் மூண்டெண்டு கேப்பினம்."

"நீ என்ன சொல்லுறனி?"

"அன்ரி சொன்னவ எண்டு. ஆர் அன்ரி எண்டு அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

கென் யன்னல் பக்கம் திரும்பி நிண்டு மூக்கைச் சீறினார். நான் விரலாலை அந்த மூண்டு வரியையும் தடவிப் பாத்தன். முதலாவது நேர். ரெண்டாவது நேர். மூண்டாவது கோணல், குடிகாரன் நடந்த மாதிரி.

கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்தன். நூலை அவன் கோத்தான்.